வாசகர் கேள்வி: 86-ஆவது மாடிக்கு 28 பேர்

கேள்வி: எங்கள் தமிழ்ப் பள்ளி மாணவர்கள் 18 பேர், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் 6 பேர், பெற்றோர் 4 பேர் என்று 28 பேர் ஒரு சனிக்கிழமை நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குச் செல்லவிருக்கிறோம். அஸ்தமன நேரத்தில் போகலாம் என்கிறார்கள் பிள்ளைகள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்கிறார் ஒரு பெற்றோர். 86-ஆவது மாடிப் பார்வைத் தளத்தோடு நிறுத்தாமல், 102-ஆவது மாடி வரை சென்றே ஆக வேண்டுமா?
வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அஸ்தமன ஆசையை முதலில் விட்டுவிடுங்கள். கூட்டம் நெருக்கியடிக்கும் நேரம் அது. பெரியவர்களைக் கைபிடித்து நடத்திக்கொண்டு, 18 பிள்ளைகளை அவ்வப்போது எண்ணிக்கொண்டு இருப்பவருக்குச் சூரியன் எந்தப் பக்கம் இறங்கியது என்பதே தெரியாது. நுழைவுச்சீட்டு நாளும் நேரமும் குறித்தே தரப்படுவதால், குழுக்களுக்கான பதிவில் காலையின் முதல் நேரங்களில் ஒன்றைக் கேளுங்கள். எடிசனில் ரயில் ஏறினால் பென் ஸ்டேஷனில் இறங்கி, 34-ஆம் தெருவிலேயே கிழக்கு நோக்கி நடந்து கட்டடத்தை அடைந்துவிடலாம்.

அருங்காட்சியகம் வீண் என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. மேலே செல்லும் வழியில் இரண்டாம் மாடியில் இருக்கும் அதற்கு முக்கால் மணி நேரமாவது கொடுங்கள். 1930 மார்ச்சில் தொடங்கிய கட்டுமானம் 1931 மே 1 அன்று திறப்பு விழா கண்டது. வேகமெடுத்த நாட்களில் வாரத்துக்கு நாலரை மாடி எழும்பியது. அந்த வேகம் எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்கு அங்கே விளக்கலாம். ஒருவர் உலையில், உத்தரங்களை இணைக்கும் ரிவெட் ஆணியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் வீச, இன்னொருவர் அதைத் தகர டப்பாவில் பிடித்துத் துளைக்குள் செருக, மூன்றாமவர் பின்னால் முட்டுக்கொடுக்க, நான்காமவர் காற்றுச் சுத்தியலால் அறைந்து முடிப்பார். இத்தனையும் அந்தரத்தில், இரும்பு உத்தரங்களின் மேல். கட்டுமானத்தைப் படம்பிடித்த புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் எடுத்த படங்களில் இந்தத் தொழிலாளர்களின் முகங்களைக் காணலாம். பிள்ளைகள் என்னவோ சுவரைப் பிளந்து நீளும், இந்தக் கட்டடத்தில் ஏறிய சினிமா ராட்சதக் குரங்கு கிங் காங்கின் கைகளுக்கு நடுவே நின்று படம் எடுக்கத்தான் ஓடுவார்கள். அதற்கும் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

102-ஆவது மாடி தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. இடமும் சிறியது, கண்ணாடியால் மூடப்பட்டது. வாயு நிரப்பிப் பறக்கும் ஆகாயக் கப்பல்களைக் கட்டி நிறுத்துவதற்கென்று அறிவிக்கப்பட்டு, காற்றின் வேகத்தால் பயன்படாமல் போன உச்சிக் கோபுரப் பகுதி அது என்ற கதையைக் கீழேயே சொல்லிவிடலாம். திறந்த வெளியில் நான்கு புறமும் சுற்றி வரக்கூடிய 86-ஆவது மாடி, சுமார் 320 மீட்டர் உயரத்தில், உங்கள் குழுவுக்குப் போதும். சக்கர நாற்காலியில் வருபவர்களும் அங்கே செல்லலாம்.

விமான நிலையத்தைப் போன்ற பரிசோதனை இருக்கும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். வைத்துவிட்டுப் போகவும் இடம் கிடையாது. கண்ணாடிப் பாட்டில்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே பாட்டியின் ஊறுகாய் பாட்டில் வீட்டிலேயே இருக்கட்டும். லிஃப்ட் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் 80-ஆவது மாடியைத் தொடும்போது காது அடைக்கும் என்பதைப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கீழே வெயில் அடித்தாலும் 86-இல் காற்று வீசும் என்பதால், அவர்கள் ஆளுக்கொரு சால்வையைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது.