செல்ஃப் இழுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

புளியரை வழியாகக் கேரளாவுக்கு லோடு அடிக்கும் பழைய லாரிக்காரர்கள் கேட்டவை இவை. செங்கோட்டையில் வயரிங் வேலை பார்க்கிறவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: அண்ணாச்சி, 2004 மாடல் லாரி. செல்ஃப் அடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நேற்று ஆரியங்காவில் இறக்கத்தில் உருட்டித்தான் ஸ்டார்ட் செய்தேன்.

ப: தம்பி, பேட்டரி மைனஸ் வயர் சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) சேரும் இணைப்பைத்தான் எர்த் என்கிறோம், அந்தப் போல்ட்டை ஆட்டிப் பாருங்கள். ஆடாவிட்டாலும் நம்பாதீர்கள், ஆனி ஆடிச் சாரலில் நனைகிற வண்டியில் போல்ட் இறுக்கமாகவே இருக்கும், அடியில் துரு பிடித்திருக்கும். நியூட்ரலில் போட்டு, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை மைனஸ் ஈயக் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல), சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்திலும் பிடித்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 என்றால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கோளாறுதான். அப்புறம் சிவப்பு முனையைக் கிளாம்ப், வயர் லக் (வயர் முனையில் போல்ட் மாட்டும் வளையம்), சேசிஸ் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள், எண் எங்கே எகிறுகிறதோ அந்த இணைப்பைப் பிரியுங்கள். செல்ஃப் அடிக்காமல் பார்த்தால் எல்லாம் ஜீரோதான் காட்டும், அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர், ஆரம்பத்தில் நானும்.

கே: ராத்திரி ரோட்டில் நின்றால் மீட்டருக்கு எங்கே போக?

ப: ஜம்பர் கேபிள் ஒன்றை மைனஸிலிருந்து நேராக என்ஜினுக்குக் கொடுங்கள். உடனே இழுத்தால் எர்த்தான் கோளாறு. ஆனால் இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் வண்டியில், சேசிஸுக்குப் போகிற மைனஸில் மட்டும்தான் மாட்ட வேண்டும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே உள்ள லிங்க்கில் மாட்டினால் ஒரு பேட்டரி நேராக ஷார்ட் ஆகிவிடும்.

கே: செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் கொதிக்கிறது, இது என்ன கூத்து?

ப: என்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினையும் சேசிஸையும் சேர்க்கிற பின்னல் பட்டை அறுந்திருக்கும், அதனால் செல்ஃப் மோட்டாருக்கான கரண்ட் எல்லாம் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது. இன்றே மாற்றுங்கள், தீப்பிடிக்கும்.

கே: அண்ணாச்சி, எங்கள் லாரிக்குச் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கணக்கு நான்தான் பார்க்கிறேன், பயமாக இருக்கிறது.

ப: அக்கா, முதலில் எர்த்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், உப்புத்தாள் செலவுதான். மைனஸைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அது கடைசி. பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறவரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும். லக்கின் ஓரத்தில் வயர் பச்சை பூத்திருந்தால் உறைக்கு உள்ளேயும் அரித்திருக்கும், அதைத் தேய்த்துப் பயனில்லை, வயரை மாற்றுங்கள்.

கே: இண்டிகேட்டர் போட்டால் பின்னால் பிரேக் லைட்டும் சிமிட்டுகிறது. இதுவும் பேட்டரி எர்த்தா?

ப: இல்லை, அது பின் லைட் எர்த். அந்தப் பெட்டியைக் கழற்றிப் பாருங்கள்.