கவுன்சில் கிளார்க் பதில்கள்

(எல்லைப் பக்கத்து நகராட்சி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் மினிட் புத்தகம் எழுதி ஓய்வு பெற்று, செங்கோட்டையில் இருக்கிறேன். கேள்விகள் வழக்கம்போல் தபால் கார்டில் வந்தவை.)

அண்ணாச்சி, என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் ஊர் நூலகத்தில் 1908-ம் வருஷத்து நகர சபை நடவடிக்கைப் புத்தகம் இருக்கிறதாம். நாலு பக்கம் போட்டோ எடுத்து அனுப்பினான். புழுதிக்குத் தண்ணீர் தெளிக்க, நடைபாதை போட, சாராயக் கடை லைசென்ஸ் என்றே போகிறது. அமெரிக்கா என்றால் இவ்வளவுதானா? — புளியரை வாசகி

இவ்வளவுதான் அம்மா. அந்தக் காலத்து அமெரிக்க நகரங்களில் பல தெருக்கள் வெறும் மண். வண்டி, டிராம், கார் எல்லாம் ஒரே தெருவில் ஓடின. ஒரு குதிரை நாளைக்குப் பத்து கிலோ அளவுக்கு லத்தி போடும். வெயிலில் அது காய்ந்து பொடியாகி வீட்டுக்குள் வரும். அதனால் தண்ணீர் வண்டி எந்தத் தெருவுக்கு, யார் செலவில் என்பது அங்கே பெரிய விஷயம்.

‘யார் செலவில்’ என்பதை உங்கள் மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். நடைபாதை போட்டாலும் தெருவுக்குக் கல் பாவினாலும், அந்தச் செலவைப் பெரும்பாலும் அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர்கள் தலையில்தான் கட்டுவார்கள். வீட்டின் முன்பக்கம் எத்தனை அடியோ அத்தனைக்குக் கணக்கு. உடனே தெருவே இரண்டாகப் பிரியும். ‘எங்களுக்கு ரோடு வேண்டும்’ என்று ஒரு மனு, ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று இன்னொரு மனு. இரண்டும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்படும். மூலை வீட்டுக்காரர் எந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நான் பார்க்காமலே சொல்வேன். அவருக்கு இரண்டு பக்கமும் தெரு.

அப்புறம், ஓட்டு எடுத்த விதத்தையும் பாருங்கள். சட்டம் போடும்போது ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டு, ‘ஆம்’ யார், ‘இல்லை’ யார், வராதவர் யார் என்று எழுதும் வழக்கம் அங்கே பல ஊர்களில் இருந்தது. நான் எழுதிய புத்தகங்களில் முக்கால்வாசி ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’. வெளியே சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் என் புத்தகத்தில் ஏகமனது.

ஒரே ஒரு எச்சரிக்கை. நமக்கு ‘டேபிள் அஜெண்டா’ என்றால் அவசரமாகக் கூட்டத்திலேயே வைத்துப் பேசும் பொருள். நாம் பிரிட்டிஷ் வழக்கத்தில் வந்தவர்கள். அமெரிக்காவில் ஒரு விஷயத்தை ‘டேபிள் செய்தார்கள்’ என்றால் அதைக் கிடப்பில் போட்டார்கள் என்று அர்த்தம். மகன் நேர்மாறாகப் படித்துவிடப் போகிறான். நிறைவேறியதைவிட இப்படித் தூங்கப் போனவற்றில்தான் ஊர்க்கதை இருக்கும்.

அங்கேயும் கவுன்சிலர்கள் காசு வாங்கினார்களா? — தென்காசி வாசகர்

வாங்கினார்கள் தம்பி. தண்ணீர் வண்டியில் என்ன கிடைக்கும்? பெரிய காசு தண்டவாளத்தில் இருந்தது. தெருவில் டிராம் ஓட்டவும் எரிவாயுக் குழாய் பதிக்கவும் பல வருஷ உரிமையைக் கொடுப்பது நகர சபை. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு டிராம் கம்பெனி, சபையின் இரண்டு அவைகளுக்கும் சேர்த்து 1,35,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. கொடுப்பவனுக்கு வாங்குபவன்மேல் நம்பிக்கை இல்லை, வாங்குபவனுக்குக் கொடுப்பவன்மேல் இல்லை. அதனால் பணத்தை பாங்க் லாக்கரில் வைத்து, ஆளுக்கொரு சாவி. இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். கோர்ட் தடை வந்து காரியம் நின்றது. கம்பெனி தன் சாவியைத் தர மறுத்தது. மெம்பர்கள் புலம்பிய புலம்பல் பத்திரிகை வரை போய், அரசு வழக்கறிஞர் ஜோசப் ஃபோக் காதில் விழுந்தது. 1902-ல் வழக்கு. ஃபோக் பிறகு மிசௌரி மாநிலத்துக்கே கவர்னரானார்.

இந்த லாக்கர் கதையைச் சொன்னால் என் வீட்டுக்காரி, ‘லஞ்சத்திலாவது ஒழுங்கு இருந்திருக்கே’ என்கிறாள்.

பிடிக்காத மெம்பரை நடுவில் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? — கடையநல்லூர் வாசகர்

லாஸ் ஏஞ்சல்ஸில் 1903-ல் அதற்கு விதி செய்தார்கள். அடுத்த வருஷமே ஒரு மெம்பர் போனார். நகரத்து அச்சு வேலையைக் குறைந்த டெண்டருக்குத் தராமல் கூடிய டெண்டருக்குத் தர ஓட்டுப் போட்டவர். அந்த விதி இங்கே இருந்திருந்தால் எனக்கு மினிட் எழுத ஆள் மிஞ்சியிருக்காது.

வார்டு மெம்பர்களை ஒழித்துவிட்டு, படித்த அதிகாரி ஐந்து பேரை வைத்து ஊரை நடத்தினால் என்ன? — ஆரியங்காவு வாசகர்

நடத்திப் பார்த்தார்கள். டெக்சாஸில் கால்வெஸ்டன் என்ற கடற்கரை ஊரை 1900 செப்டம்பர் 8-ம் தேதி புயல் அடித்தது. ஆறாயிரத்துக்கும் மேல் செத்தார்கள். பழைய சபையால் முடியாது என்று 1901-ல் ஐந்து கமிஷனர்கள் வந்தார்கள். மூன்று பேரைக் கவர்னர் நியமித்தார், இரண்டு பேர் தேர்தலில் வந்தார்கள். 1903 முதல் ஐவருமே தேர்தல். நிதி ஒருவருக்கு, போலீஸும் தீயணைப்பும் ஒருவருக்கு, தண்ணீரும் சாக்கடையும் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். 17 அடி உயரக் கடல் சுவர் எழும்பியது, ஊரின் தரையையே மண் கொட்டி உயர்த்தினார்கள். வேலை நடந்தது, அதை மறுக்கவில்லை. அயோவாவில் டெ மாய்ன் 1907-ல் இதே வழிக்கு வந்தது. ஓஹையோவின் டேட்டன் 1913 வெள்ளத்துக்குப் பிறகு சம்பளத்துக்கு மேனேஜரையே வைத்தது.

ஆனால் ஊர் முழுக்க ஓட்டுப் போட்டு ஐந்து பேர் என்றால், ஓரத்துச் சேரிக்கு யார்? சிகாகோவில் அப்போது 35 வார்டு, வார்டுக்கு இரண்டு பேராக எழுபது ஆல்டர்மேன்கள், அதாவது வார்டு மெம்பர்கள். அதில் திருடர்கள் உண்டு. ஆனாலும் கதவைத் தட்ட ஏழைக்கு ஒரு ஆள் இருந்தார். ஐவர் ஆட்சியில் அந்தக் கதவு போய்விட்டது. தொழிலாளர்களும் கறுப்பர்களும் பல ஊர்களில் இதில் அடிபட்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் ஒரு அம்மா, இட்லிக் கடை வைத்திருந்தவர், முதல் தடவை மெம்பர். மூன்று கூட்டம் ‘குழாய் உடைந்திருக்கிறது’ என்று சொல்லிப் பார்த்தார். நான் மூன்று தடவையும் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதினேன். நாலாவது கூட்டத்துக்கு உடைந்த குழாயையே கொண்டுவந்து தலைவர் மேஜைமேல் வைத்தார். துருத் தண்ணீர் என் புத்தகத்தில் வழிந்தது. இன்னும் அந்தப் பக்கம் மஞ்சள்தான். மறுநாள் பிளம்பர் போனார். படித்த அதிகாரி ஐவரில் யார் அந்தத் தெருவுக்குக் குடத்தோடு போயிருப்பார், சொல்லுங்கள்.

அவர்களுக்குச் சாதி இல்லையே, அதனால் சபையில் அந்தத் தகராறு இருந்திருக்காது. — பண்பொழி வாசகர்

பால்டிமோரில் ஒரு கறுப்பு வழக்கறிஞர் மெக்கல்லோ தெருவில் வீடு வாங்கினார். 1910 டிசம்பரில் நகர சபை சட்டமே போட்டது: வெள்ளையர் அதிகமுள்ள தெருத் துண்டில் கறுப்பர் குடியேறக் கூடாது, கறுப்பர் அதிகமுள்ள துண்டில் வெள்ளையரும் குடியேறக் கூடாது. ‘இரு பக்கமும் சமம்’ என்று காட்டிக்கொள்ளும் அந்த இரண்டாவது வரி, டிராஃப்ட் எழுதியவரின் கைவேலை. எனக்கு அந்தக் கை தெரியும். லூயிவில் நகரமும் இப்படி ஒரு சட்டம் போட, 1917 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அடித்துப் போட்டது. அதுவும் சமத்துவத்துக்காக அல்ல, முக்கியமாக வீட்டுக்காரன் தன் சொத்தை யாருக்கும் விற்கும் உரிமைக்காக. அதற்கு ஏழு வருஷம் கழித்து 1924-ல், செங்கோட்டையும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே வைக்கத்தில் சத்தியாகிரகம் நடந்தது.

அந்த மாதிரி பழைய மினிட் புத்தகங்களை நம் ஊர்ப் பக்கம் பார்க்க முடியுமா? — செங்கோட்டை கல்லூரி மாணவி

1956 நவம்பர் 1-ம் தேதி செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ரெக்கார்டு அறையில் மலையாளத்தில் எழுதிய பழைய கட்டுகள் இருந்தன. வரியைத் திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் எழுதியிருந்தார்கள். என் சீனியர் ஒருவருக்குத்தான் வாசிக்கத் தெரியும். அவர் ஓய்வு பெற்ற பிறகு கூரை ஒழுகி இரண்டு கட்டு நனைந்தது. மீதியை, ‘யாருக்கும் படிக்கத் தெரியவில்லை’ என்று எழுதி வைத்து, எடைக்குப் போட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக. எழுதியது நான்தான் தாயி.