பனடோலை அலுமாரியிலேயே வையுங்கள்: பூனைக் கேள்வி-பதில்

இம்முறை பதில் எழுதும் ஏழு கடிதங்களில் பூனையின் எடை இருந்தது ஒன்றில்தான். மருந்தின் அளவு கேட்பவர்கள் எடை எழுதாவிட்டால் பதில் வராது. இதைப் போன முறையும் சொன்னேன்.

மூன்று வயதுக் கடுவன். காலையிலிருந்து மண் பெட்டிக்குள் போய்ப் போய் முக்குகிறது. மலச்சிக்கலுக்கு ஆமணக்கெண்ணெய் கொடுக்கலாமா? (வெள்ளவத்தை)

வேண்டாம். கடுவன் முக்கினால் மலத்தைவிட முதலில் சலத்தைச் சந்தேகியுங்கள். பெட்டியில் ஈரக்கட்டி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், அல்லது சுண்டைக்காய் அளவில் மட்டும் இருந்தால், சலக்குழாய் அடைபட்டிருக்கலாம். அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் போல் ஒன்று இறுகித் தென்படும். அமுக்கிப் பார்க்காதீர்கள், வெடிக்கலாம். ஒரு நாள் கடந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பிடிக்கும். இரவென்றாலும் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். குழாய் போட்டு எடுத்த பிறகும் முதல் வாரத்தில் மீண்டும் அடைபடுவதுண்டு. ஆகவே உலர் உணவைக் குறைத்து ஈர உணவைக் கூட்டுங்கள்.

வாலடியில் அரிசி போல ஏதோ ஒட்டியிருக்கிறது. பூச்சி மருந்து கொடுத்தும் மூன்று கிழமையில் திரும்ப வருகிறது. எடை 3.5 கிலோ. (கொட்டாஞ்சேனை)

எடை எழுதியதற்கு நன்றி. அது நாடாப்புழுவின் துண்டு. பிரசிகுவாண்டல் கிலோவுக்கு 5 மில்லிகிராம், உங்கள் பூனைக்கு ஏறத்தாழ 18. மருந்தில் பிழையில்லை. பூனை நக்கும்போது விழுங்கும் தெள்ளில்தான் அந்தப் புழுவின் குஞ்சு இருக்கிறது. தெள்ளை ஒழிக்காமல் புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மாதாமாதம் இதே கடிதம் எழுதுவீர்கள். படுக்கைத் துணியைக் கொதிநீரில் போடுங்கள்.

உடம்பு சுடுகிறது, காய்ச்சல் போல. அரைப் பனடோல் கொடுத்தோம், இப்போது முகம் வீங்கியிருக்கிறது. இன்னும் அரை கொடுக்கலாமா? (தெஹிவளை)

இதை வாசிக்கும் நேரத்தில் அந்தப் பூனை மிருக வைத்தியரிடம் போயிருக்கும் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் "சூடு". பூனையின் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 பாகை. நம் கைக்கு அது எப்போதும் சுடும். காதைத் தொட்டுக் காய்ச்சல் சொல்வது வெறும் ஊகம். வெப்பமானி வைத்து 39.5க்கு மேல் போனால் பேசுவோம்.

அடுத்து பரசிற்றமோல், அதாவது பனடோலில் உள்ள மருந்து. அதைக் கழித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. தங்கும் நஞ்சு, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் தன்மையைக் கெடுக்கிறது. இரத்தமே சொக்கலேட் நிறமாகும். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே தீங்கு தொடங்கலாம். அரைக் குளிசை 250. 4 கிலோப் பூனைக்கு அது கிலோவுக்கு 60க்கு மேல். "பிள்ளைகளின் பாணி மருந்துதானே" என்று ஒரு தேயிலைக் கரண்டி கொடுத்தாலும் 120, அதாவது கிலோவுக்கு 30. "கொஞ்சம்தான்" என்ற அளவு இங்கே கிடையாது. ஐபுபுரூபனும் அப்படியே, அதற்குச் சமாதானம் தேட வேண்டாம்.

உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பு மாறி மண்ணிறமோ சாம்பல் நீலமோ ஆகியிருந்தால், முகமும் முன்பாதமும் வீங்கினால், மூச்சு வேகமாக இருந்தால், சலம் கறுத்திருந்தால் தாமதிக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்கப் பண்ணாதீர்கள், உப்பும் நஞ்சாகும். மாற்று மருந்து உண்டு: அசிற்றைல்சிஸ்ரீன். முதல் சில மணித்தியாலங்களில்தான் அது நன்றாக வேலை செய்யும். குளிசை அட்டையையும், கொடுத்த நேரத்தையும், எடையையும் கொண்டு போங்கள். வெட்கப்பட்டு "ஒன்றும் கொடுக்கவில்லை" என்பவர்களால்தான் நேரம் போகிறது.

நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மிச்சம். பூனையின் பிடரியில் விடலாமா? (பம்பலப்பிட்டி)

பெட்டியில் பெர்மெத்ரின் என்றிருந்தால் ஒரு துளியும் கூடாது. நடுக்கம், வலிப்பு, சாவு. ஏற்கெனவே விட்டிருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தால் இளஞ்சூட்டு நீரில் கழுவி, துவாயால் சுற்றி, வைத்தியரிடம் ஓடுங்கள். மண்ணெண்ணெய் தடவச் சொன்னவரிடம் இனி ஆலோசனை கேட்க வேண்டாம். தண்ணீரில் விட்டால் வெள்ளையாகும் கிருமிநாசினியாலும் பூனையைக் குளிப்பாட்டாதீர்கள், நக்கியே நஞ்சாகும்.

பால் கொடுத்தால் வயிற்றோட்டம். (வத்தளை)

கொடுக்காதீர்கள். தண்ணீர் போதும்.

பூனை சாப்பிடவில்லை. என்ன செய்வது? (மட்டக்குளி)

கடிதம் இவ்வளவுதான். குட்டியா, கிழமா, எத்தனை நாளாக, எத்தனை கிலோ? எதுவும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன்: குட்டி அரை நாள், வளர்ந்தது இரண்டு நாள், அதற்கு மேல் காத்திருக்காதீர்கள். கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் படிந்து மஞ்சளாகும். மூக்கடைத்திருந்தால் மணம் தெரியாமல்தான் ஒதுக்கும். மூக்கை ஈரப் பஞ்சால் துடைத்து, அவித்த மீனை இளஞ்சூட்டில் வைத்துப் பாருங்கள். முள் எடுத்து, உப்பில்லாமல்.

எடை எழுதச் சொல்கிறீர்கள், பூனை தராசில் நிற்காதே? (கல்கிசை)

தலையணை உறைக்குள் விட்டு, வாயைத் தளர்வாகப் பிடித்து, கொளுக்கித் தராசில் தூக்குங்கள். உறையின் எடையைக் கழியுங்கள். குட்டிகளுக்குச் சமையலறைத் தராசின் மேல் ஒரு கிண்ணம் போதும்.