வளைந்து வளைந்து போகும் கிராமத்துச் சாலை: எந்த வண்டி போகும், எது போகாது?

கேள்வி: சின்ன கார், ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். போகவேண்டிய சாலை முழுக்க ஏற்றமும் வளைவும். விசாரித்தால் "ரோடு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். நம்பிப் போகலாமா?

பதில்: அந்த ஒரு வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். சொன்னவர் எந்த வண்டியில் போனார், மழைக்கு முன்பா பின்பா, ஆள் ஏற்றிப் போனாரா தனியாகவா, இதெல்லாம் தெரியாமல் அதற்கு அர்த்தமே இல்லை. நான் எப்போதும் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்தச் சாலையிலேயே ரொம்ப மோசமான இடம் எது? இருபது கிலோமீட்டர் வழவழப்பாக இருந்து, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில் தார் பெயர்ந்து ஜல்லி கிடந்தால், உங்கள் கார் போகுமா போகாதா என்பதை அந்த வளைவுதான் முடிவு செய்யும்.

சின்ன கார்களின் தரை இடைவெளி பெரும்பாலும் 165, 170 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். பல வண்டிகளில் அது ஆள் ஏறாத கணக்கு. ஐந்து பேரும் சாமானும் ஏறினால் பின்பக்கம் நன்றாக அமுங்கிவிடும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடி தட்டும். அப்புறம், கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஏறுகிற உயரம் ஒன்றுதான், ஆனால் உள்பக்கத்துக்குத் தூரம் குறைவு, அதனால் அங்கே சாய்வு செங்குத்தாக இருக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார் அதில் ஏறும்போது உள்பக்கச் சக்கரம் பிடிப்பு இல்லாமல் சுற்றும். வளைவுக்குள் போய்த் திணறியபிறகு கியரைத் தேடாமல், நுழைவதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உங்கள் பக்கத்தை விடாமல், ஆனால் உள் ஓரத்தை ஒட்டாமல் திருப்புங்கள்.

அந்த வழியில் தினமும் பேருந்து ஓடுகிறதா என்றும் கேளுங்கள். ஓடினால் அகலம் உங்களுக்குப் பிரச்சினை இல்லை, அந்தப் பேருந்து எதிரே வரும்போது எங்கே ஒதுங்குவது என்பதுதான் பிரச்சினை. ஒதுங்க முடிந்த இடங்களைப் போகும்போதே மனதில் குறித்துக்கொண்டு போங்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவதுதான் முறை, நின்றுவிட்டால் ஏற்றத்தில் மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதால்.

கேள்வி: பெரிய சுற்றுலாப் பேருந்தை அதே மாதிரிச் சாலையில் கொண்டுபோக முடியுமா? டிரைவர் அனுபவசாலி.

பதில்: நீளம் இடிக்கும் இடத்தில் அனுபவம் உதவாது. சின்ன கார் சுமார் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். 12 மீட்டர் நீளப் பேருந்தின் வெளி மூலைக்குச் சுமார் 12 மீட்டர் வேண்டும். திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும், அதே நேரத்தில் பின்சக்கரத்துக்குப் பின்னால் நீளும் வால் வெளிப்பக்கமாக வீசும். ஆக, ஒரே வளைவில் உள்ளே ஓரக்கல்லும் வெளியே தடுப்புச் சுவரும் இரண்டுமே அபாயம். முதலில் காரில் போய், இறுக்கமான வளைவுகளில் இறங்கி டேப் பிடித்து அளந்து பாருங்கள். தாழ்ந்த கிளைகளையும் மின்கம்பிகளையும் பாருங்கள். பள்ளத்தாக்குப் பக்கத் தார் ஓரத்தில் சாலையின் போக்கிலேயே நீளமாக விரிசல் ஓடியிருந்தால், அடியில் மண் நழுவ ஆரம்பித்திருக்கலாம், கனமான வண்டியை அதன்மேல் ஏற்றக்கூடாது. எங்காவது ஒரு வளைவில் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப முடியும் என்றால், ஆட்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யவேண்டாம். சின்ன வேன் இரண்டாகப் பிடியுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் நண்பர். சரியா?

பதில்: தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு. இப்போதைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருள் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் நின்றுவிடாமல் ஓட எரிபொருள் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் என்ற பேச்சே இல்லை.

வண்டியின் மொத்த வேகத்தையும் பிரேக் மட்டும் தாங்கினால் அது சூடேறிக்கொண்டே போகும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 தான். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகி, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அதனால் எந்தக் கியரில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எல் (L, தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் முறைக்கு மாற்றுங்கள். பிரேக்கில் லேசாகக் கால் வைத்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகம் குறைத்து விட்டுவிடுங்கள். கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் சில அழுத்தலுக்குப் பிறகு கல்லாகிவிடும்.

கேள்வி: கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர் போகலாமா?

பதில்: ஏறுவதில் மெதுவாகத்தான் போகும், அது பரவாயில்லை. இறங்கும்போதுதான் கவனம். வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், எஞ்சினின் தடுப்பு போய் வண்டி சும்மா உருளும். முழுச் சுமையும் பிரேக் மேல் விழும் என்பதால் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், அடிக்கடி நின்று ஆறவிடுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிடவேண்டும். 20 கி.மீ. வேகத்தைவிட 40-ல் அதே வளைவு நான்கு மடங்கு வெளியே தள்ளும். சாய்ந்திருக்கும்போது டயருக்கு அடியில் மணலோ ஈர இலையோ சிந்திய டீசலோ வந்தால் சமாளிக்க நேரமே கிடைக்காது.

கேள்வி: மின்சாரக் கார்?

பதில்: தாராளமாக. இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்தி பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்கும். ஒன்று மட்டும்: மேலே தங்கி முழு சார்ஜ் போட்டு உடனே இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தத் தடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி: பகலா, இரவா?

பதில்: முதல் தடவை பகலில். ஹெட்லைட் நேராகத்தான் அடிக்கும், வளைவுக்குள் என்ன நிற்கிறது என்பதைக் காட்டாது. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் முன்கூட்டியே தெரியும் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் லைட் இல்லாமல் நிற்கும் டிராக்டரும், படுத்திருக்கும் மாடும் வெளிச்சம் காட்டாதே.

கேள்வி: வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால்? எங்களுடையது உயரமான ஜீப்.

பதில்: ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்ன காரைத் தள்ளிவிடும், 60 செ.மீ. உங்கள் ஜீப் மாதிரிப் பெரிய வண்டியையும் இழுத்துவிடும். தண்ணீருக்கு அடியில் பாலம் முழுசாக இருக்கிறதா என்பதே தெரியாது. வடியும்வரை நில்லுங்கள், இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.