ரிசர்வ் வங்கியும் தணிக்கையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரிசர்வ் வங்கி 2023-24 ஆம் ஆண்டுக்காக மத்திய அரசுக்கு 2,10,874 கோடி ரூபாய் உபரி வழங்கியது பற்றி எழுதியிருந்தீர்கள். ஊராட்சிக் கணக்கைக்கூடத் தணிக்கை செய்கிறார்கள். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும் வங்கியைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) பார்க்காதது ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்க்கக்கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அழைத்தால் மட்டும் வரலாம் என்கிறது. 1934 ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 50 ஆம் பிரிவுப்படி வங்கியின் தணிக்கையாளர்களை மத்திய அரசே நியமிக்கிறது. அவ்வாறு வருபவை பட்டயக் கணக்காளர் நிறுவனங்கள். கணக்குகளை ஆராயும்படி சிஏஜியை அரசு எப்போது வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்பது 51 ஆம் பிரிவு. ஒதுக்கீடுகள் போக மிஞ்சும் லாபமோ 47 ஆம் பிரிவுப்படி அதே அரசுக்குச் செல்கிறது. உபரியைப் பெறுபவரே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பதும், சிஏஜி வரலாமா என்று முடிவெடுப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன.

ஆனால் சிஏஜி வந்தாலும் உங்கள் கேள்வியின் பெரும்பகுதிக்கு விடை கிடைக்காது. நெருக்கடிக் காலத்துக்கான இடர்க் காப்பாக இருப்புநிலைக் குறிப்பின் (வங்கியின் மொத்தச் சொத்துகளின்) மதிப்பில் 5.5 முதல் 6.5 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்று 2019 இல் முன்னாள் ஆளுநர் பிமல் ஜலான் தலைமையிலான குழு பரிந்துரைத்தது. காப்புக்கு அதிகம் ஒதுக்கினால் அரசுக்குச் செல்லும் உபரி அந்த அளவு குறையும். 2024 மார்ச் இறுதியில் அந்த மதிப்பு 70 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியிருந்ததால், ஒரு சதவீதப் புள்ளி என்பது ஏறத்தாழ 70,000 கோடி ரூபாய். அந்த வரம்புக்குள் எந்த எண்ணைத் தேர்ந்தாலும் பேரேட்டில் பிழை இராது. 2022-23 இல் காப்பு 6 சதவீதம், மறு ஆண்டு 6.5, 2025 இல் வரம்பையே 4.5 முதல் 7.5 வரை விரித்து, 2024-25 க்கு 7.5 சதவீதத்தைத் தேர்ந்தார்கள். (அவ்வளவு ஒதுக்கியும் அவ்வாண்டின் உபரி 2,68,590 கோடி.) வரப்போகும் நெருக்கடி எவ்வளவு பெரிது என்ற கணிப்பைத் தணிக்கையாளர் சரிபார்க்க முடியாது, கணித்தவர்களிடம்தான் காரணம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வை நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகத்துக்குத் திறந்துவிட்டு, பணக்கொள்கை முடிவுகள் போன்ற சிலவற்றை விலக்கியது. இங்கும் சிஏஜிக்கு அந்த அளவு உரிமை, அரசின் அழைப்புக்குக் காத்திராமல், வேண்டும் என்பேன். ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி விகிதம், அவர் வேலையல்ல. காப்பு விகிதத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவர்கள் நாடாளுமன்றக் குழுவினர். பணமதிப்பு நீக்கம் குறித்து விளக்க 2017 ஜனவரியில் ரிசர்வ் வங்கியின் அப்போதைய ஆளுநர் உர்ஜித் படேல் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் முன் வந்தார். உபரி அறிவிக்கப்படும் ஒவ்வொரு மே மாதத்துக்குப் பிறகும் ஆளுநரை அவ்வாறு அழைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.