வீல் அலைன்மென்ட்னா என்ன, அத பண்ணா கார் ஏன் நல்லா ஓடுது?

ஸ்டீயரிங்க லேசா விட்டா கார் ஒரு பக்கம் இழுக்குது, கேட்டா அலைன்மென்ட் பண்ணுங்கன்றாங்க, அப்படி என்னதான் பண்றாங்கன்னு நிறைய பேருக்கு டவுட். ஒவ்வொரு சக்கரமும் எந்தக் கோணத்துல நிக்கணும்னு கார் கம்பெனி ஒரு அளவு வச்சிருக்கும், பள்ளத்துல தொபுக்குன்னு விழுந்து எழுந்து அது மாறியிருந்தா பழைய அளவுக்கே கொண்டு வர்றதுதான் அலைன்மென்ட்.

இந்தக் கோணங்கள்ல முக்கியமானது டோ. மேல இருந்து பாத்தா முன் சக்கரம் ரெண்டும் உள்பக்கமாவோ வெளிப்பக்கமாவோ திரும்பியிருக்கற அளவு அது, பாதத்த கோணையா வச்சு நடக்கறவங்க செருப்பு ஒரு ஓரமா தேயுமே அதே கததான், டயர் உருளறதோட சேந்து கொஞ்சம் பக்கவாட்டுலயும் இழுபடும். டயர் மேல குறுக்க கைய வச்சு தடவிப் பாருங்க, ஒரு பக்கம் போறப்ப வழுவழுன்னும் திரும்பி வர்றப்ப சொரசொரன்னும் இருந்தா டோ போச்சுன்னு அர்த்தம். கேம்பர்னா சக்கரத்தோட தலை உள்ளயோ வெளியயோ சாய்றது. காஸ்டர்னா சைக்கிள்ல முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கற ஃபோர்க் சாய்ஞ்சிருக்குமே அது மாதிரி, திருப்பம் முடிஞ்சதும் ஸ்டீயரிங் தானா நேராகறது பெரும்பாலும் இதனாலதான்.

சின்ன கார் நிறையத்துல முன்பக்க டோ மட்டும்தான் அட்ஜஸ்ட் ஆகும், ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற டை ராடுங்கற கம்பிய லூஸ் பண்ணித் திருகுவாங்க. அதுக்கு முன்னாடி காத்து செக் பண்ணிருங்க, ஒரு டயர்ல கம்மியா இருந்தாலே இழுக்கும்.

அப்புறம், 80, 100ல போறப்ப ஸ்டீயரிங் நடுங்குனா அதுக்கும் அலைன்மென்ட்தான்னு நெனைக்கறாங்க, அது பெரும்பாலும் பேலன்சிங் பிரச்சன, ரிம்ல சின்ன வெயிட் ஒட்டி சரி பண்ற வேற வேல.