ஸ்கேன் எடுத்தால் அண்ணன் திருந்துவாரா என்று தெரியுமா?

அன்புள்ள ஐயா,

குடிநோய் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். என் அண்ணன் பல வருடங்களாகக் குடிக்கிறார். இரண்டு முறை நிறுத்தினார், இரண்டு முறையும் மறுபடி ஆரம்பித்துவிட்டார். போன மாதம் ஒரு போதை மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனோம். மூளையை ஸ்கேன் எடுத்தால் இவர் திருந்துவாரா மாட்டாரா என்று சொல்லிவிடலாம் என்றார்கள். அதற்கு அவர்கள் கேட்கும் பணம் எங்களுக்குப் பெரிய தொகை. அண்ணனோ, “என் மூளையே கெட்டுப்போச்சு, நான் என்ன பண்ண முடியும்?” என்கிறார். அதெல்லாம் சாக்கு என்கிறார் அண்ணி. யார் சொல்வது சரி? ஸ்கேன் எடுக்கலாமா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

அந்த ஸ்கேன் வேண்டாம். ஒருவர் மறுபடி குடிப்பாரா என்று மூளைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் நம்பகமான முறை இன்றைக்கு இல்லை. குடிநோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் ஸ்கேன் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விகளும் நிதானமான ஒரு பேச்சும் அதற்குப் போதும்.

வேறு காரணத்துக்காக டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் மறுக்காதீர்கள். குடித்துவிட்டு விழுந்து தலையில் அடிபட்டவருக்கு மூளையைச் சுற்றி ரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கலாம். நடை தள்ளாடி, கண் அசைவு மாறி, பேச்சில் குழப்பம் வந்தால் அது தயமின் என்கிற பி1 வைட்டமின் குறைவால் வரும் வெர்னிக்கி என்ற மூளை நோயாக இருக்கலாம். அதற்கு ஸ்கேன் முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் தயமின் ஊசி போட்டுவிட வேண்டும்.

உங்களிடம் சொல்லப்பட்டது இதுவல்ல. ஆராய்ச்சிக்கூடத்தில் நடப்பதை எடுத்து, மருத்துவமாக விற்கப் பார்க்கிறார்கள். அந்த ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். குடிநோய் உள்ளவரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து, மதுப் புட்டி, கிளாஸ் படங்களையும் சாதாரணப் படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். மூளையில் வேலை அதிகம் நடக்கும் இடத்துக்கு ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலாகப் போகும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினின் காந்தத் தன்மை வேறு. அந்த வித்தியாசத்தை வைத்து மூளையைப் படம்பிடிக்கலாம் என்று 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டினார். ஆகவே கருவி அளப்பது ஆசையை அல்ல, ரத்தத்தில் வரும் சிறு மாற்றத்தை. படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும் கணக்குப் போட்ட பிறகு மென்பொருள் பூசும் நிறங்கள். அதுவும் பெரும்பாலும் ஒரு குழுவின் சராசரி. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து உங்கள் பிள்ளை பாஸா என்று சொல்ல முடியாது, இல்லையா?

‘திருந்துவாரா’ என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் நேர்மையாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஜெர்மனியில் 2004-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், மதுப் படங்களைப் பார்த்தபோது ஸ்ட்ரையேட்டம் என்ற ஆழ்மூளைப் பகுதி அதிகம் தூண்டப்பட்டவர்கள் பின்னால் மறுபடி குடித்தார்கள். 2012-இல் அதே நாட்டிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. குடியை நிறுத்திய 46 பேரை மூன்று மாதம் கவனித்தார்கள். 30 பேர் மறுபடி குடித்தார்கள், 16 பேர் குடிக்கவில்லை. இந்த முறை, குடிக்காமல் இருந்தவர்களிடம்தான் ஸ்ட்ரையேட்டத்தின் கீழ்ப்பகுதியிலும் நடுமூளையிலும் தூண்டல் அதிகம்! இரண்டு ஆய்வுகளும் குறிப்பிட்டது துல்லியமாக ஒரே புள்ளி அல்ல என்பது உண்மை. ஆனாலும் அண்ணனின் படத்தில் அந்தப் பகுதி பளிச்சென்று தெரிந்தால் அதை நல்ல அறிகுறி என்பதா, கெட்ட அறிகுறி என்பதா? உங்களிடம் பணம் கேட்பவர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கணக்குப் போடும் விதத்திலும் சிக்கல் உண்டு. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் 70 ஆய்வுக் குழுக்களிடம் ஒரே மூளைப் படத் தரவைக் கொடுத்து, ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் கணக்குப் போடவில்லை. பல கேள்விகளுக்கு முடிவுகளும் வேறுபட்டன. இதை வெளியே கொண்டுவந்தவர்கள் அந்தத் துறைக்காரர்களே. அதனால்தான் எனக்கு அந்தத் துறை மீது மரியாதை இருக்கிறது.

சரி, அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அதில் பாதி உண்மை. ஆசையைத் தூண்டும் மூளை ரசாயனமான டோபமைனைப் பெறும் டி2 ஏற்பிகள் குடிநோய் உள்ளவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் குறைவாக இருப்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவின் குழு 1990-களிலேயே, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேனில் காட்டியது. குடி அவற்றைக் குறைத்ததா, குறைவாக இருந்ததால் குடி பிடித்துக்கொண்டதா? 2006-இல் வெளியான ஆய்வில் அவர் குடிநோய் நிறைந்த குடும்பங்களில் பிறந்தும் அந்த நோய் வராதவர்களைப் பரிசோதித்தார். அவர்களிடம் டி2 ஏற்பிகள் வழக்கத்தைவிட அதிகம். அது அவர்களைப் பாதுகாத்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் விவேக் பெனகல் குழு வெளியிட்ட ஆய்வில், அப்பாவுக்குக் குடிநோய் இருந்து, தாங்கள் இன்னும் குடிநோய்க்குள் போகாதவர்களிடமும் சில மூளைப் பகுதிகளின் அளவு குறைவாக இருந்தது. ஆகவே அண்ணனின் பலவீனத்தில் ஒரு பங்கு முதல் கிளாஸுக்கு முன்பே இருந்திருக்கலாம். அண்ணியிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பட்ட கஷ்டம் இதனால் குறையாது, ஆனால் ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்ற கசப்பு கொஞ்சம் குறையலாம்.

அண்ணன் சொல்வதில் தவறான பாதி, ‘கெட்டுப்போச்சு, அவ்வளவுதான்’ என்பது. கனடாவின் டொராண்டோவில் 1978-லேயே சிடி ஸ்கேன் மூலம் பார்த்திருக்கிறார்கள். குடியால் சுருங்கியிருந்த மூளை, குடியை நிறுத்திய சிலருக்கு ஓரளவு மீண்டிருந்தது. பின்னால் வந்த எம்ஆர்ஐ ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. இந்த மீட்சி முதல் மாதத்திலேயே வேகமாகத் தொடங்குகிறது. எல்லாருக்கும் முழுதாக மீள்வதில்லை, மறுபடி குடித்தால் கிடைத்ததும் போய்விடுகிறது. ஆனால் மீள்கிறது. மூளைப் படங்கள் குடும்பங்களுக்குத் தந்த மிக நல்ல செய்தி என்று நான் இதைத்தான் சொல்வேன். யாரும் இதை எடுத்துச் சொல்லாதது எனக்கு வருத்தம்.

ஸ்கேனே இல்லாத ஓர் ஆய்வையும் சொல்ல வேண்டும். அது 2000-இல் வெளியானது. அமெரிக்க உளவியலாளர் நான்சி பெட்ரி, குடிநோய்க்குச் சிகிச்சைக்கு வந்த 42 முன்னாள் படைவீரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார். இரண்டு பிரிவுக்கும் வழக்கமான சிகிச்சை. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக, மூச்சுப் பரிசோதனையில் குடிக்கவில்லை என்று தெரிந்தால் ஒரு பாத்திரத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பல சீட்டுகளில் சிறு பரிசு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. எட்டு வாரச் சிகிச்சை முடியும்போது அந்தப் பிரிவில் 69 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், மற்றதில் 39 சதவீதம். இவர்களும் வருடக்கணக்கில் குடித்தவர்கள்தான், மூளை மாறியிருக்கும்தான். ஆனாலும் சின்னப் பரிசும் உடனடிப் பாராட்டும் வேலை செய்தன. அண்ணன் குடிக்காத நாளின் மாலையில் வீட்டில் யாராவது அதைக் கவனித்துச் சொல்கிறீர்களா?

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாவது நாள் வாக்கில் ஜன்னி கண்டு உளறலாம், அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், சாப்பாட்டில் ரகசியமாகக் கலந்து கொடுக்கச் சொல்லும் பொடிகள். அவற்றில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். அந்த மருந்து மோசமானதல்ல, அவர் தெரிந்து சம்மதித்து டாக்டர் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது.

பக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். குடி ஆசையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டில் எது பொருந்தும் என்று கேளுங்கள். ஈரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். முதல் மருந்துக்கு ஈரலும் இரண்டாவதற்குச் சிறுநீரகமும் ஓரளவு நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்.